அக்கறை என்று பெயர் வைத்தேன்

“மிஸ்டர், வெள்ளவத்தையில ரோட்டே இல்லையா?”

ஒரு டொக்டர் என்னிடம் கேட்ட கேள்வி இது. சின்னப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரோட்டா? கொழும்பில் எங்கள் வீடு இருக்கும் ஒழுங்கையால் இறங்கினால் மரைன் டிரைவ். ஒரு பக்கம் தண்டவாளம், அதற்கப்பால் கடல். காலையில் பாதி வெள்ளவத்தை அங்கேதான் நடக்கும். ரோட்டுக்கு என்ன குறை?

என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லும் யோக்கியதைதான் இல்லை.

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் விசாரித்தீர்கள். நன்றி. காய்ச்சல் இல்லை. பயணமும் இல்லை. எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்த இடத்தில் இருந்துகொண்டு உங்களுக்கு எவ்வளவு புத்தி சொல்லியிருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது. கணினியை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி வத்சலா கர்ப்பமாக இருக்கிறார். இரண்டாவது பிள்ளை.

பார்த்தீர்களா… இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை நாள் எடுத்திருக்கிறது. வத்சலாவுக்கு நாற்பத்தொரு வயது. எனக்கு நாற்பத்தேழு. மூத்தவள் அபிக்குப் பதினான்கு. இனி எங்கள் வீட்டில் தொட்டில் ஆடாது என்று நாங்களே முடிவு கட்டி, அபியின் சின்ன வயது உடுப்புகளை எல்லாம் கொட்டாஞ்சேனையில் இருக்கும் வத்சலாவின் அக்கா வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் பல காலம்.

ஒரு நாள் காலையில் வத்சலா குளியலறையில் இருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தார். சிரித்தார். பிறகு அழுதார். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தார். “இஞ்சருங்கோ… இரண்டு கோடு” என்றார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பிள்ளையை அல்ல. என் ஓஃபிஸை.

சில மாதங்களுக்கு முன் எங்கள் ஓஃபிஸில் ஒருவர் பிள்ளை பிறந்ததற்குக் கேக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். ஐம்பதை நெருங்கும் மனிதர். கேக்கை வாயில் வைத்துக்கொண்டே, அவர் அந்தப் பக்கம் போனதும் ஒரு குரல்: “மனுசனுக்கு இந்த வயசில வேற பொழுதுபோக்கு இல்லையாமோ?” கன்ரீனே சிரித்தது.

அந்தக் குரல் என்னுடையது.

இப்போது கேக் கொடுக்கும் முறை எனக்கு. யார் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன? வசனத்தை எழுதியவனே நான்தானே!

அன்று மாலை ஃபோலிக் அசிட் குளிசை வாங்க ஃபார்மசிக்குப் போனேன். கவுண்டரில் நின்ற தம்பி என் நரைத்த தாடியைப் பார்த்தான். மரியாதையான பிள்ளை. “மருமகளுக்கோ அங்கிள்?” என்றான்.

எனக்கு மகனே இல்லை.

“ஓம்” என்றேன்.

மருமகளுக்கு வாழ்த்துச் சொல்லச் சொல்லி, குளிசையைப் பையில் போட்டுத் தந்தான். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்!

அந்த வாரக் கடைசியில் டொக்டரிடம் போனோம். அவர் வயதில் மூத்த பெண்மணி. வத்சலா கேட்ட முதல் கேள்வி, “நான் தொடர்ந்து நடக்கலாமோ டொக்டர்?” என்பதுதான். வத்சலாவைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவர். பிள்ளைகளின் சத்தத்துக்குள் போவதற்கு முதல் அந்தக் கடற்காற்றில் ஒரு நடை நடக்காவிட்டால் அவருக்குப் பொழுது விடிந்ததாகவே கணக்கில்லை. நானும் கூடவே போவேன். போகப் போக இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொள்வார்கள். பாங்க் மனேஜராக இருந்து ஓய்வு பெற்ற சிவபாதம் அண்ணை. பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் மிஸிஸ் ஹமீட்.

“இவ்வளவு நாளும் நடந்தனீங்கள்தானே? அப்ப நடங்கோ” என்றார் டொக்டர். “நல்லது. கதைச்சுக்கொண்டே நடக்க முடிஞ்சா அதுதான் சரியான வேகம். மூச்சு வாங்கினா மெதுவா போங்கோ. விழாம மட்டும் பார்த்துக்கொள்ளுங்கோ.”

வத்சலாவுக்குச் சந்தோசம். காலையில் வரும் குமட்டலுக்கும் சத்திக்கும் அந்தக் காற்று நல்லதாக இருந்ததாம். ஆனால் எனக்கு? அடுத்தடுத்த வாரங்களில் அவருடைய டீஷேர்ட்டில் ஒரு சின்ன மேடு தெரியத் தொடங்கியது. இரண்டாவது பிள்ளை என்றால் வயிறு முந்தியே தெரியுமாம். எதிரில் வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்ப்பதாக எனக்குத் தோன்றியது. வயிற்றைப் பார்த்துவிட்டு, பிறகு என் தாடியைப் பார்ப்பதாக…

ஒரு நாள் சொன்னேன்.

“வத்சலா, இனி ரோட்டில நடக்க வேண்டாம். வாகனம், நாய், மழைத்தண்ணி… எங்கட ரூஃப்டொப்பில நடவுமன். அங்கயும் காத்து வரும்தானே?”

“டொக்டர் நடக்கச் சொன்னவ எல்லோ?”

“நடக்க வேண்டாம் எண்டு நான் சொன்னனானோ? மேல நடவும் எண்டுதான் சொல்லுறன். நீர் ஒருக்கா விழுந்தா என்ன செய்யிறது?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். “அபி வயித்தில இருக்கேக்க நீங்கள் டுபாயில. அப்ப படாத பயத்தையும் சேர்த்து இப்ப படுறீங்கள் போல. சரி, மேலயே நடக்கிறன்.”

அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தப்பினோம் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் மொட்டைமாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீர்த் தாங்கிகள், கொடிகளில் எல்லா வீட்டு உடுப்புகள், டிஷ் அன்ரெனாக்கள். புதிதாக எழும்பிய இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவில் கடல் ஒரு ரிபன் அளவுக்குத் தெரியும். அதற்குள் என் மனைவி சுற்றிச் சுற்றி நடந்தார். அபி ஒரு நாள் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: “அம்மா நடக்கிறதைப் பார்த்தா ஜெயில்ல நடக்கிற மாதிரி இருக்கப்பா.”

“கதையைப் பார். போய்ப் படி” என்றேன்.

அவள் போகவில்லை. “அப்பா, உங்களுக்குத் தம்பியோ தங்கச்சியோ வாறது சந்தோசமில்லையா?”

“ஏன் அப்பிடிக் கேக்கிறாய்?”

“நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நான் என்ர வகுப்பு முழுக்கச் சொல்லிட்டன்.”

பதினான்கு வயதுப் பிள்ளை வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டது. நாற்பத்தேழு வயதுக்காரன் ஃபார்மசியில் மருமகள் உண்டாக்கிக்கொண்டு திரிகிறான்.

இன்னொரு நாள் நான் கதவைத் திறந்து உள்ளே வருகிறேன், வத்சலா அக்காவுடன் ஃபோனில் கதைத்துக்கொண்டிருக்கிறார். “இல்லையக்கா, அவர் இந்த முறை சரியான கவனம். ரோட்டில நடக்கவும் விடுறாரில்லை. எனக்கே ஆச்சரியமா இருக்கு. அபிக்கு இல்லாததை எல்லாம் சேர்த்துச் செய்யிறார்.”

நான் சப்பாத்தைக் கழற்றாமலே திரும்பிப் படி இறங்கிப் போய்விட்டேன். பால் மா வாங்க மறந்துவிட்டது என்று பிறகு ஒரு காரணம் சொன்னேன்.

ஏசினால்கூடத் தாங்கலாம். செய்யாத நன்மைக்குப் புகழ்ந்தால் எங்கே போய் முகத்தை வைப்பது?

அந்த நாட்களில்தான் காலி வீதியில் ஒரு கடை வாசலில் சிவபாதம் அண்ணையைக் கண்டேன். என்னைக் கண்டதும் மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார். எனக்கு முகம் சுட்டது. அவருக்கு விசயம் தெரிந்துவிட்டது, மனிதர் சிரிப்பை அடக்கத்தான் ஓடுகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். மொட்டைமாடி எவ்வளவு நல்ல யோசனை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை.

காலையில் நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் இருந்து அபியின் குரல். “அப்பா! அம்மா விழுந்திட்டா!”

எப்படி ஏறினேன் என்று தெரியாது. தாங்கி ஒன்று நிரம்பி வழிந்திருக்கிறது. வழிந்த இடத்தில் பாசி. வத்சலா சுவரோடு சாய்ந்து ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தார். முழங்கை உரசி ரத்தம் கசிந்தது. “ஒண்டுமில்லை, வழுக்கினது. மெதுவாச் சரிஞ்சு இருந்திட்டன். பயப்பிடாதேங்கோ” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். விழுந்தவர் அவர்!

மத்தியானம் குளியலறையில் இருந்து வந்தபோது அந்த முகத்தில் நிறமே இல்லை.

“இஞ்சருங்கோ… கொஞ்சம் ரத்தம் பட்டிருக்கு.”

ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர் ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தார். மற்றக் கையால் என் கையைப் பிடித்திருந்தார். எனக்கு என் கையை உருவிக்கொண்டு ஓடவேண்டும் போல இருந்தது. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? யார் என்ன சொல்வார்கள் என்று பயந்த பிள்ளை இல்லாமலே போய்விட்டால், யாருக்கும் சொல்லவே தேவையிருக்காது அல்லவா? அப்படி ஒரு நினைப்பு ஓடியது. அது என் தலைக்குள்தான் ஓடியது. வேறு யாருடையது என்று சொல்ல?

அங்கே இருந்தவர்தான் நான் முதலில் சொன்ன அந்த இளம் டொக்டர். எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டார். வத்சலா சொன்னார்.

“ரூஃப்டொப்பில நடக்கேக்க, டொக்டர். இவருக்கு என்னைப் பற்றிச் சரியான பயம். ரோட்டில விழுந்திடுவன் எண்டு மேல நடக்கச் சொன்னவர்.”

அப்போதுதான் அந்தக் கேள்வி. “மிஸ்டர், வெள்ளவத்தையில ரோட்டே இல்லையா?”

நான் நிலத்தைப் பார்த்தேன்.

ஸ்கான் அறையில் என்னையும் உள்ளே விட்டார்கள். திரையில் சாம்பல் நிறம். ஒன்றும் விளங்கவில்லை. டொக்டர் அந்தக் கருவியை நகர்த்திக்கொண்டே இருந்தார். வத்சலாவின் கண்கள் திரையில் இல்லை, டொக்டரின் முகத்தில். பிறகு டொக்டர் விரலால் ஓர் இடத்தைக் காட்டினார். “இஞ்ச பாருங்கோ. துடிக்குது.” பட்டாணிக் கடலை அளவில் ஏதோ ஒன்று, விடாமல், யாரையும் கேளாமல் துடித்துக்கொண்டிருந்தது.

வத்சலா சத்தமாக அழுதார். நான் சத்தமில்லாமல்.

சில நாள் ஓய்வு. ரத்தம் நின்று, மற்ற டொக்டரையும் ஒருக்கால் பார்த்த பிறகு திரும்ப நடக்கலாம். “சமமான நிலத்தில. நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு” என்று சொல்லும்போது அந்த இளம் டொக்டர் என்னைத்தான் பார்த்தார்.

ஓட்டோவில் திரும்பி வரும்போது வத்சலா என் தோளில் தலையைச் சாய்த்தார். “உங்களில பிழையில்லை. பாசியை நான்தான் பார்க்கேல்லை. நீங்கள் நல்லதுக்குத்தானே சொன்னீங்கள்” என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“நல்லதுக்குச் சொல்லேல்லை, வத்சலா.”

“என்ன?”

“நீர் விழுந்திடுவீர் எண்டு பயந்து சொல்லேல்லை. ஆக்கள் பார்ப்பினம் எண்டு சொன்னனான். இந்த வயசில… எனக்கு வெட்கமா இருந்தது.”

தலை என் தோளை விட்டு எழுந்தது. காலி வீதியின் ஹோர்ன் சத்தம் எல்லாம் அப்போதுதான் காதில் விழுந்தது.

“வெட்கமோ?”

“ஓம்.”

“என்னைப் பார்த்தோ, பிள்ளையைப் பார்த்தோ?”

எதைச் சொல்வது? நீங்கள் என்றால் என்ன சொல்வீர்கள்? உம்மையும் இல்லை, பிள்ளையையும் இல்லை, என்னையே பார்த்துத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் உண்மையும்கூட. அந்த நேரத்தில் அது வரவில்லை. வத்சலா மறுபக்கம் திரும்பி, வீடு வரும்வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பிறகு வந்த நாட்களில் எங்கள் வீட்டில் சண்டை இல்லை. சண்டை பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சோறு இருக்கு.” “அபிக்கு ரியூஷன் இருக்கு.” “ஃபானை நிப்பாட்டுங்கோ.” அவ்வளவுதான் கதை. நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், உடுப்புத் தோய்த்தேன், சமைத்தேன். செய்யும்போதுதான் ஒன்று உறைத்தது. இப்போது நான் எதைச் செய்தாலும் அது அக்கறையா, வேறு ஏதாவதா என்று வத்சலாவுக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை கள்ள நோட்டுக் கொடுத்த கையில் இருந்து நல்ல நோட்டை யார் வாங்குவார்கள்?

யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் ஆண்கள் சொல்லும் “வேண்டாம்”களில் எத்தனை உண்மையான பயம்? எத்தனை ஊர் வாய்க்குப் பயம்? தனியப் போகவேண்டாம், அந்த உடுப்பு வேண்டாம், அந்த வேலை வேண்டாம்… எல்லாவற்றுக்கும் அக்கறை என்று ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறோம். பெயர் வைப்பதில் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

டொக்டர் சரி சொன்னதற்கு அடுத்த நாள் காலை. வத்சலா கதவடியில் உட்கார்ந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“எங்கே?”

“கீழ.”

நான் ஓடிப்போய் என் சப்பாத்தைத் தேடினேன். அவர் காத்திருக்கவில்லை.

மரைன் டிரைவில் அவர் முன்னால், நான் ஒரு பத்தடி பின்னால். கொஞ்சத் தூரத்தில் மிஸிஸ் ஹமீடும் சிவபாதம் அண்ணையும் எதிரில் வந்தார்கள். எங்களைக் கண்டதும் இருவரும் நின்றார்கள். சிவபாதம் அண்ணை தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் எதிர்பார்த்த முகங்களில் ஒன்றுகூட அங்கே இல்லை.

மிஸிஸ் ஹமீட் வந்து வத்சலாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“புள்ள, ஒண்டும் யோசிக்க வாணாம். அல்லாஹ் நாடினா இன்னொண்டு தருவான். நீங்க மனச உட்டுடாதீங்க.”

வத்சலா விளங்காமல் பார்த்தார். பிறகு விளங்கியது. “ஐயோ மிஸிஸ் ஹமீட்! பிள்ளை இருக்கு! பிள்ளைக்கு ஒண்டும் இல்லை!”

“இரிக்கா?”

“இருக்கு! இஞ்ச பாருங்கோ!” ரோட்டின் நடுவில், நாலு பேர் போகிற இடத்தில், வத்சலா தன் டீஷேர்ட்டைப் பின்னால் இழுத்துப் பிடித்து அந்தச் சின்ன மேட்டைக் காட்டினார். மிஸிஸ் ஹமீட் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

விசயம் இதுதான். இரண்டு கோடு கண்ட மறுநாளே வத்சலா இவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். நான் தலைகுனிந்து ஒளித்துக்கொண்டு திரிந்த செய்தி, முதல் நாளில் இருந்தே அந்த ரோட்டுக்குத் தெரியும்! எல்லோரும் சந்தோசப்பட்டிருக்கிறார்கள். பிறகு திடீரென்று அவரைக் காணவில்லை. அவரும் கொஞ்ச நாளைக்கு வரமாட்டேன் என்று ஒரு மெசேஜ் மட்டும் போட்டிருக்கிறார். என் முகமோ இழவு வீட்டு முகம். அவர்கள் இரண்டையும் இரண்டையும் கூட்டியிருக்கிறார்கள். பிள்ளை கலைந்துவிட்டது என்று.

“கோல் எடுக்கவும் பயம்” என்றார் மிஸிஸ் ஹமீட். “என்னண்டு கேக்கிறது? ஒவ்வொரு தொழுகையிலயும் துஆ மட்டும் கேட்டன்.”

சிவபாதம் அண்ணை என் பக்கம் திரும்பினார். “உம்மை அண்டைக்குக் கடையடியில கண்டனான் தம்பி. என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. அதுதான் அங்கால போயிட்டன். குறை நினையாதையும்.”

குறை நினைப்பதா? நானா?

“அப்ப ஏன் பிள்ளை, நீர் இவ்வளவு நாளும் நடக்க வரேல்லை?” என்று அண்ணை வத்சலாவிடம் கேட்டார்.

வத்சலா திரும்பி என்னைப் பார்த்தார். காப்பாற்றும் பார்வை அல்ல, காட்டிக்கொடுக்கும் பார்வையும் அல்ல. உங்களுக்குத்தானே தெரியும், நீங்களே சொல்லுங்கோ என்ற பார்வை.

டொக்டர் ஓய்வெடுக்கச் சொன்னவர் என்று ஒரு வசனம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. பாதி உண்மையும்கூட.

“நான்தான் மறிச்சனான் அண்ணை” என்றேன். “இந்த வயசில பிள்ளை எண்டு நீங்கள் எல்லாரும் சிரிப்பீங்கள் எண்டு எனக்கு வெட்கமா இருந்தது.”

ஒரு ரயில் போனது. 

“எங்களைப் பார்த்தோ வெட்கப்பட்டனீர்?” என்றார் சிவபாதம் அண்ணை. கோபம் இல்லை. மனிதருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. “கேள்விப்பட்ட நாளில இருந்து, நீரா வாய் திறந்து சொன்னதும் உமக்குக் கைகுடுத்து ஒரு வாழ்த்துச் சொல்லுவம் எண்டெல்லோ நான் பார்த்துக்கொண்டிருந்தனான்.”

கையை நீட்டினார். நான் கொடுத்தேன். 

மிஸிஸ் ஹமீட் என் பக்கம் திரும்பாமலே வத்சலாவின் கையைக் கோத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம். முன்னால் போனவர்கள் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு போனார்கள்.

நாற்பத்தேழு வயதில் வெட்கப்பட வேண்டிய காரியம் ஒன்றை நான் செய்திருக்கிறேன். உண்மைதான். ஆனால் அது தகப்பனாவது அல்ல.

இதை எழுதட்டுமா என்று நேற்று வத்சலாவிடம் கேட்டேன். கணக்குக் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.

“எழுதுங்கோ. ஆனா கடைசியில நான் மன்னிச்சிட்டன் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. நான் இன்னும் அப்பிடிச் சொல்லேல்லை.”